அம்மாவுக்கு கொலஸ்ட்ரால்: முட்டையை நிறுத்தணுமா, மஞ்சள் கருவை மட்டும் எடுத்தால் போதுமா?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 62. மதுரையில் எங்களோடுதான் இருக்கிறார். சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148 என்று வந்தது. சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மட்டும் மாத்திரை. டாக்டர் கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "எண்ணெய், முட்டை எல்லாம் குறைச்சுக்கோங்கம்மா" என்றார். அதிலிருந்து அம்மா முட்டையைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் காலையில் இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் சாப்பிடுவார். இப்போது நான்கு இட்லி, பதினோரு மணிக்குப் பசித்தால் டீயும் ரஸ்க்கும்.

பக்கத்து வீட்டு அக்கா வெள்ளைக் கருவை மட்டும் கொடுக்கச் சொல்கிறார். என் தம்பி, முட்டையால் கொலஸ்ட்ரால் ஏறும் என்பதே பழங்கதை என்கிறான். இணையத்தில் தேடினால் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கிறது. மாமியாரோ, வெயில் காலத்தில் முட்டை சூடு என்று என் ஆறு வயது மகளுக்குக் கொடுப்பதையே நிறுத்தச் சொல்கிறார்.

ஒருவரைப் பயமுறுத்துவதற்கோ ஒன்றை விற்பதற்கோ இல்லாமல், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் எத்தனை சாப்பிடலாம்? யார் நிஜமாகவே தள்ளி வைக்க வேண்டும்?

தண்டால்

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடாதீங்க அக்கா. விட்டமின் ஏ, டி, பி12, கோலின் என்ற சத்து எல்லாம் அதில்தான் இருக்கிறது. வெள்ளையில் கொஞ்சம் புரதமும் மீதி தண்ணீரும்தான். நான் ஜிம் போகிறவன், நாளுக்கு ஆறு முழு முட்டை சாப்பிடுகிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. 2015இல் அமெரிக்காவே கொலஸ்ட்ரால் அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அப்புறம் என்ன பயம்? உங்கள் தம்பி சொல்வதுதான் சரி.

இரவுப்பணி

நான் பொது மருத்துவர். உங்கள் அம்மாவைப் பார்க்காமல் மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், அதை உங்கள் டாக்டர் சொன்னபடி தொடருங்கள். உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

இந்தப் பயத்தின் வேர் 1913இல் இருக்கிறது. ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குத் தீனியில் கொலஸ்ட்ராலைக் கலந்து கொடுத்தார். அவற்றின் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்தது. ரத்தத்தில் ஏறும் கொலஸ்ட்ராலுக்கும் குழாய் அடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று காட்டிய பெரிய வேலை அது. ஆனால் முயல் இலைதழை தின்கிற பிராணி. அதன் உணவில் கொலஸ்ட்ரால் வருவதே இல்லை, வந்தால் சமாளிக்கிற ஏற்பாடும் அதன் உடம்பில் சரியாக இல்லை. மனிதருக்கு இருக்கிறது. நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் கூடுதலாக வந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைக்கும், குடலும் குறைவாகவே உறிஞ்சும்.

1968இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ரால் போதும், முட்டை வாரத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றது. ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மி.கி. இருக்கிறது, அவ்வளவும் மஞ்சள் கருவில். அந்த அறிவுரைதான் உலகம் முழுக்கப் பரவி நம் ஊர் மருந்துச்சீட்டு வரை வந்தது. தண்டால் சொல்வதுபோல் அமெரிக்க அரசின் 2015 உணவு வழிகாட்டியில் 300 என்ற எண் இல்லைதான். ஆனால் அதே வழிகாட்டி, உணவில் கொலஸ்ட்ராலை முடிந்த அளவு குறைவாக வைத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தது. இந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை.

ஆட்களுக்கு அளந்து உணவு கொடுத்து ரத்தத்தைச் சோதித்த ஆய்வுகளின்படி, நாளுக்கு ஒரு முட்டை கூட்டினால் சராசரியாக எல்டிஎல் சில புள்ளிகள் ஏறும். பத்தோ இருபதோ இல்லை, நான்கு ஐந்து என்கிற அளவு. சிலருக்கு அசைவே இருக்காது, சிலருக்கு இதைவிட நன்றாகவே ஏறும். யார் எந்த ரகம் என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

எல்டிஎல்லை இதைவிட அதிகமாகத் தூக்குவது நிறைவுற்ற கொழுப்பு. அது கூடும்போது ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் கல்லீரலின் வேலை மந்தமாகிறது. ஒரு முட்டையில் இந்தக் கொழுப்பு ஒன்றரை கிராம் சொச்சம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் எட்டு கிராம். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான், பாமாயிலில் பாதி. எனவே அவித்த முட்டையையும், டால்டாவில் மிதக்கும் முட்டை பரோட்டாவையும் ஒரே பெயரில் "முட்டை" என்று கணக்கெழுத முடியாது.

இப்போது உங்கள் பதிவில் நான் முக்கியமாகப் பார்த்தது: முட்டை போன இடத்தில் இரண்டு இட்லியும் ரஸ்க்கும் வந்திருக்கின்றன. ரஸ்க் என்பது மைதா, சர்க்கரை, பெரும்பாலும் பாமாயில். முட்டையை நிறுத்தலாமா என்று கேட்கும்போதே அதற்குப் பதில் தட்டில் என்ன வரப்போகிறது என்றும் கேட்க வேண்டும். 2025இல் வெளியான ஐசிஎம்ஆர் இன்டியாப் என்ற நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு அது. தெற்கில் அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி. 62 வயதில் தசை கரைகிற காலம், புரதம்தான் குறைகிறது. முட்டையை எடுத்துவிட்டு இட்லியைக் கூட்டுவதை நான் நல்ல மாற்றமாகப் பார்க்கவில்லை.

பச்சைப்பயறு

டாக்டர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2019இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? கிட்டத்தட்ட 30,000 பேர், சுமார் பதினேழரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு அரை முட்டை கூடினாலே இதய நோய் வாய்ப்பு 6 சதவீதம் கூடியது. முட்டைக்கு ஆதரவாக வரும் பல ஆய்வுகளுக்கு முட்டை வியாபார அமைப்புகள் பணம் கொடுக்கின்றன. தினமும் முட்டை சாப்பிடச் சொல்லி "சண்டே ஹோ யா மண்டே" என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் பாடியதும் பண்ணையாளர்களின் அமைப்புதான், மருத்துவர்கள் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக முட்டை கிடையாது. சுண்டல், பயறு, தயிர், கீரை. யாருக்கும் எந்தக் குறையும் வந்ததில்லை. கொலஸ்ட்ரால் உள்ள அம்மாவுக்கு அந்த இட்லியோடு ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல் கொடுங்கள். முட்டை விவாதமே தேவையில்லை.

இரவுப்பணி

பச்சைப்பயறு, சுண்டல் யோசனையை அப்படியே ஏற்கிறேன். எல்டிஎல்லுக்கு முட்டையைவிடச் சுண்டல் மேல், அதன் நார்ச்சத்தே கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் குறைக்கும். முட்டையில் நார்ச்சத்து துளியும் இல்லை, விட்டமின் சியும் இல்லை. முட்டை சாப்பிடாதவர்கள் பி12ஐ மட்டும் கவனிக்க வேண்டும். பால், தயிர் தினமும் இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், அதுவும் இல்லையென்றால் பரிசோதித்துப் பாருங்கள்.

2019 ஆய்வு பெரியதுதான், தள்ளிவிடத் தக்கதும் இல்லை. ஆனால் அதில் ஆட்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஆரம்பத்தில் ஒரே முறை கேட்டுவிட்டு, அதே உணவைத்தான் பதினேழு வருடமும் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பேரை வைத்து எழுதினார்கள். அதில் உணவைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிந்திருந்தார்கள். நாளுக்கு ஒரு முட்டை வரை இதய நோயோடு தொடர்பு தெரியவில்லை. சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்த 2018 ஆய்வில் தினம் முட்டை சாப்பிடுபவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் குறைவாகவே இருந்தன.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் முட்டையின் துணைகள். அமெரிக்காவில் முட்டை பேக்கனோடும் (உப்பிட்ட பன்றி இறைச்சி) வெண்ணெய் தடவிய ரொட்டியோடும் வருகிறது. சீனக் கிராமத்தில் முட்டை வாங்க முடிகிற வீடு கொஞ்சம் வசதியான வீடு, மற்ற உணவும் மருத்துவமும் அங்கே நன்றாகவே இருக்கும். இரண்டு இடத்திலும் முட்டையின் பங்கை மட்டும் தனியாகப் பிரிப்பது கடினம்.

பணம் கொடுப்பவர் யார் என்று பார்க்கச் சொல்வதும் நியாயம். நான் எல்லா ஆய்விலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வைகைக்கரை

நன்றி டாக்டர், நன்றி பச்சைப்பயறு. எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. இன்னொரு கேள்வி: எங்கள் அத்தைக்குச் சர்க்கரை. அவருக்கும் இதே கணக்கா?

இரவுப்பணி

இல்லை. அங்கே நான் இன்னும் கொஞ்சம் கை இறுக்குவேன்.

1999இல் ஹார்வர்டு குழு வெளியிட்ட ஆய்வில் பொதுவாக முட்டைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, தினம் ஒன்றுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்தது. பின்னால் வந்த சில ஆய்வுகளும் அதையே காட்டின. மறுபக்கம், 2015இல் சிட்னியில் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதன் விளிம்பில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் வாரத்துக்கு 12 முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் மோசமாகவில்லை, பசியும் அடங்கியது. பச்சைப்பயறு கேட்டது போலவே இதற்குப் பணம் கொடுத்தது ஆஸ்திரேலிய முட்டை நிறுவனம். மூன்று மாதத்தில் மாரடைப்பு வருமா வராதா என்றும் தெரியாது.

அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் வாரத்துக்கு மூன்று நான்கு முழு முட்டை, மற்ற நாளில் வேண்டுமானால் வெள்ளைக் கரு என்று சொல்கிறேன். முட்டை சர்க்கரையை ஏற்றாது, மாவுச்சத்து அதில் இல்லையென்றே சொல்லலாம். அந்த வகையில் காலை உணவுக்கு நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பரம்பரையாகவே எல்டிஎல் 190க்கு மேல் இருப்பவர்கள், இவர்கள் தங்கள் இதய மருத்துவரிடம் கேட்டு எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

அளவுச்சாப்பாடு

நான் உணவியல் படித்தவள், மருத்துவமனையில் வேலை. கொலஸ்ட்ராலைத் தாண்டி ஒரு விஷயம் இங்கே வர வேண்டும், அது இரும்புச்சத்து. "ரத்தம் ஊறும்" என்று நினைத்து முட்டை கொடுக்கிற வீடுகள் ஏராளம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

முட்டையில் இரும்பு இருக்கிறது, ஆனால் மஞ்சள் கருவில் உள்ள ஃபாஸ்விடின் என்ற புரதம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. உடம்புக்குக் கிடைப்பது மிகக் குறைவு. கூடவே சாப்பிடுகிற மற்ற பொருளின் இரும்பையும் முட்டை கொஞ்சம் தடுக்கும். நாம் ஆசையாகச் செய்கிற முருங்கைக்கீரை முட்டைப் பொரியல் சுவையில் அருமை, புரதத்துக்கும் விட்டமின் ஏவுக்கும் நல்லது. ரத்தசோகைக்கு மருந்தாக அதை நம்பக் கூடாது. செய்தால் கடைசியில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், அல்லது சாப்பிட்டபின் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. விட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் போகும்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் நான் முட்டையை வற்புறுத்தியே சொல்வேன், சாப்பிடும் வழக்கம் இருந்தால். காரணம் கோலின். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாக அது வேண்டும். கர்ப்ப காலத்தில் நாளுக்கு 450 மி.கி. தேவை என்பது அமெரிக்கக் கணக்கு, ஒரு முட்டையில் ஏறக்குறைய 147 மி.கி. கிடைக்கிறது. நம் அன்றாடச் சாப்பாட்டில் இதற்கு இணையான பொருள் குறைவு. மஞ்சள் கருவை எறிந்தால் இது மொத்தமும் போய்விடும்.

மாமியார் சொல்கிற சூட்டுக்கும் ஒரு வார்த்தை. புரதம் செரிக்கும்போது உடம்பு கொஞ்சம் வெப்பம் உண்டாக்கும் என்பது உண்மை. ஒரு முட்டையில் உள்ள ஆறு கிராம் புரதத்துக்கு அது பொருட்படுத்தத் தக்க அளவே இல்லை. வெயில் காலத்தில் கவலைப்பட வேண்டியது கெட்டுப்போன முட்டையைப் பற்றி. மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள், கூடவே தண்ணீரும்.

மதிய மணி

நான் திருவண்ணாமலைப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவை விரிவாக்கியபோது முட்டை கிடையாது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது. படிப்படியாகக் கூடி 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். இங்கே முட்டையால் கொலஸ்ட்ரால் ஏறுமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பில் அன்றைய புரதத்தில் பெரும்பகுதியே அந்த ஒரு முட்டைதான் என்கிற பிள்ளைகள் உண்டு. காலையில் பழைய சோறோ டீயும் பன்னுமோ சாப்பிட்டு வருவார்கள், இரவில் சோறும் ரசமும். திங்கட்கிழமை மதியம் அவர்கள் தட்டைப் பார்த்தால் வீட்டில் சனி, ஞாயிறு எப்படிப் போனது என்று தெரிந்துவிடும்.

முட்டை நல்லதா கெட்டதா என்று பொதுவாக எழுதுகிறவர்கள், யாருக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்டிஎல் 148 உள்ள 62 வயதுக்காரருக்குச் சொல்லும் எச்சரிக்கையை ஒரு தாய் படித்துவிட்டு, எட்டு வயதுப் பிள்ளையின் முட்டையை நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கே வருகிறார். இது எனக்கு நடந்திருக்கிறது. மிகவும் வருத்தமாக இருந்தது.

பச்சைப்பயறு

டீச்சர், அந்தப் பிள்ளைகளின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வாழைப்பழம் முட்டைக்கு ஈடில்லை என்பதுதான் என் குறை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்குச் சுண்டல் கூடுதலாகக் கொடுத்தால் புரதமும் கிடைக்கும்.

மதிய மணி

அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

பனங்கிழங்கு

வணக்கம், நான் பருத்தித்துறை, இப்ப இருக்கிறது கனடாவில. எங்கட ஊரில் பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் (வயசுக்கு வந்தால்) பச்சை முட்டையை நல்லெண்ணெயோட குடிக்கக் குடுப்பினம், வேப்பிலை உருண்டையும் உளுத்தங்களியும் வேற. தமிழ்நாட்டிலயும் இந்த வழக்கம் இருக்கெண்டு கேள்விப்பட்டன். அண்ணையின்ர மகளுக்கு இப்ப குடுக்கப் போகினம். பச்சை முட்டைக்குத்தான் சக்தி கூட எண்டு அம்மா சொல்லுறா. அது சரியோ?

தண்டால்

இங்கே ஜிம்மிலும் பாலில் பச்சை முட்டை உடைத்து ஊற்றிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் இதைக் கேட்கத்தான் வந்தேன்.

இரவுப்பணி

இருவருக்கும் ஒரே பதில்: வேண்டாம். சக்தி கூடுவதில்லை, குறையத்தான் செய்கிறது.

1998இல் பெல்ஜியத்தில் இதை அளந்து பார்த்தார்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் பாதிதான். சூடு பட்டால் புரதத்தின் முறுக்கு அவிழ்ந்து செரிமான நொதிகளுக்கு வழி கிடைக்கிறது. பச்சை வெள்ளைக் கருவில் அவிடின் என்று இன்னொன்று இருக்கிறது. அது பயோட்டின் என்ற விட்டமினைக் கட்டிப்போடும். ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது, மாதக்கணக்கில் நிறையக் குடிக்கிறவருக்கு முடி கொட்டும், தோல் தடிக்கும். வெந்துவிட்டால் அவிடின் செயலிழக்கும்.

பெரிய ஆபத்து சால்மோனெல்லா கிருமி. கோழியின் எச்சம் வழியாக ஓட்டின் மேல் ஒட்டும். கோழிக்கே தொற்று இருந்தால் ஓடு உருவாகும் முன்பே உள்ளே போய்விடும், வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது. வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி. நல்ல ஆரோக்கியமான ஆளுக்குச் சில நாளில் சரியாகும். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவமனை வரை இழுத்துவிடும்.

பனங்கிழங்கு, சடங்கை மாற்றச் சொல்லவில்லை. அதே முட்டையை நல்லெண்ணெயில் நன்றாகப் பொரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அதுவே கூடுதல் பலன். உளுத்தங்களி அருமையான உணவு, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம். இங்கே அரைவேக்காட்டில் எடுக்கும் கொங்குப் பக்கத்துக் கலக்கி, மதுரை வழியல், ஆஃப்பாயில் பிரியர்களுக்கும் இதேதான். ஆரோக்கியமான இளைஞர் எப்போதாவது சாப்பிடுவது அவர் விருப்பம். நான் மேலே சொன்ன நால்வரும் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வெந்ததையே சாப்பிட வேண்டும்.

இன்னொன்று: குழந்தைகளுக்கு முதன்முதலில் முட்டை கொடுக்கும்போது கொஞ்சமாக, நன்றாக வெந்ததைக் கொடுங்கள். உதடு வீங்குவது, உடம்பில் தடிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சு இரைப்பு தெரிந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை. பல குழந்தைகளுக்கு வளர வளர இது போய்விடும். ஒரு வயது வரை முட்டையே காட்டக் கூடாது என்ற பழைய அறிவுரை இப்போது இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு திட உணவோடு சேர்த்தே தொடங்கலாம்.

பனங்கிழங்கு

நன்றி டொக்டர். பொரிச்சுக் குடுக்கச் சொல்லி இண்டைக்கே சொல்லுறன்.

நாமக்கல்காரன்

தினமும் முட்டை விலை அறிவிக்கிற ஊரிலிருந்து வருகிறேன், குடும்பத் தொழிலே பண்ணைதான். பண்ணைக்காரன் சொல்வதைப் பச்சைப்பயறு நம்புவாரா தெரியவில்லை, இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழுப்பு முட்டை, வெள்ளை முட்டை வித்தியாசம் கோழி இனத்தோடு சரி. சத்தில் வேறுபாடு சொல்லும்படி இல்லை. எங்கள் பக்கம் பெரும்பாலும் பிவி 300 என்ற வெள்ளை லேயர் (முட்டைக்காக வளர்க்கும்) கோழி, அதனால் வெள்ளை முட்டை. பழுப்பு முட்டையிடும் பண்ணை இனமும் உண்டு. கடையில் அதை நாட்டுக்கோழி முட்டை என்று இரண்டு மடங்கு விலைக்குக் கொடுக்கிறார்கள். உண்மையான நாட்டுக்கோழி முட்டை அளவில் சின்னதாக இருக்கும், ஒரு அட்டையில் உள்ள முப்பதும் ஒரே அளவு ஒரே நிறம் என்றால் சந்தேகப்படுங்கள். மஞ்சள் கரு ஆழ்ந்த நிறமாக இருப்பது தீனியைப் பொறுத்தது. மக்காச்சோளமோ சாமந்திப்பூச் சாறோ கூடினால் நிறம் ஏறும், அதனால் புரதம் கூடிவிடாது. புல், பூச்சி மேய்ந்த கோழியின் முட்டையில் சில சத்துகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

முட்டைக்காக ஊசியில் ஹார்மோன் போடுகிறோம் என்பது பொய். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டால் கட்டுப்படியே ஆகாது, அதற்கு அவசியமும் இல்லை. பிளாஸ்டிக் முட்டையும் வதந்திதான் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது.

ஆன்டிபயாட்டிக் விஷயம் வேறு, அதை மூடி மறைக்க மாட்டேன். தொழிலில் அது தேவைக்கு மேல் பயன்பட்டது, சில இடங்களில் இன்னும் பயன்படுகிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை 2019இல்தான் கால்நடைத் தீனிக்கும் சிகிச்சைக்கும் இந்தியாவில் தடை செய்தார்கள். நோய்க்கு மருந்து கொடுத்தால் அதற்கென்று விதித்த நாட்கள் முடியும் வரை முட்டையை விற்கக் கூடாது. எல்லோரும் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்டால்தான் எங்கள் தொழில் திருந்தும். கூண்டில் கோழி படும் நெருக்கடியும் உண்மை. கூண்டில்லாமல் வளர்க்க இடமும் செலவும் கூடும், விலை கூடினால் மதிய மணி டீச்சரின் பிள்ளைகளுக்கான அரசுச் செலவும் கூடும். எனக்கு இதற்குச் சுலபமான பதில் தெரிந்திருந்தால் முதலில் என் பண்ணையில் செய்திருப்பேன்.

வாங்குகிறவர்களுக்கு: விரிசல் விட்டதை வாங்காதீர்கள். தண்ணீரில் போட்டால் படுத்தே கிடப்பது புதுசு, நிமிர்ந்து நிற்பது பழசு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். பழசாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும், அதனால்தான் மிதக்கிறது. முன்கூட்டியே கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய பூச்சு போய்விடும், சமைக்கும் முன் கழுவினால் போதும். ஃப்ரிட்ஜில் வைத்ததை வெளியே எடுத்து வைத்து மறுபடி உள்ளே வைப்பது கூடாது, வியர்த்து ஈரம் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும்.

பச்சைப்பயறு

நாமக்கல்காரன், உங்களை நம்புகிறேன். ஆன்டிபயாட்டிக் பற்றித் தொழிலில் உள்ள ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதி நான் படித்ததில்லை.

தண்டால்

டாக்டர், என் ஆறு முட்டைக்கு நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? கிட்னிக்குக் கெடுதல் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

இரவுப்பணி

ஆறு முழு முட்டை என்றால் 1,100 மி.கி. கொலஸ்ட்ரால். நான் மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் நாளுக்கு ஒன்றைப் பற்றியவை. ஆறுக்கு அவை பாதுகாப்புச் சான்று தரவில்லை. "பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், எல்டிஎல் எவ்வளவு என்று எழுதவில்லை. உயர்ந்த எல்டிஎல்லுக்கு வலி, மயக்கம் என்று எந்த அறிகுறியும் கிடையாது, இருபது வருடம் சத்தமில்லாமல் வேலை செய்யும். ஒரு லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை எடுங்கள். புரதம்தான் நோக்கம் என்றால் இரண்டு முழு முட்டையோடு மீதியை வெள்ளைக் கருவாக எடுக்கலாம். ஒரு வெள்ளைக் கருவில் மூன்றரை கிராம் புரதம், 17 கலோரிதான்.

ஆரோக்கியமான கிட்னியை முட்டை கெடுப்பதில்லை. ஏற்கெனவே கிட்னி பாதித்து ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கதை தலைகீழ். அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், பாஸ்பரஸ் கூடாது. பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில் இருப்பதால் வெள்ளைக் கருவைத்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

தண்டால்

சரி டாக்டர். இந்த வாரமே பரிசோதனை எடுக்கிறேன்.

அளவுச்சாப்பாடு

வைகைக்கரை, உங்கள் அம்மாவுக்கு நடைமுறையாக: காலையில் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை, சாம்பார் நிறைய. தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளியோ கொத்தமல்லியோ. பதினோரு மணிக்குச் சுண்டல். முழு முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்குங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பொதுவாக ஆளுக்கு வருடத்துக்கு 180 முட்டை என்று சொல்லிவந்ததும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். மற்ற நாளில் பசித்தால் வெள்ளைக் கரு. ஆம்லெட் என்றால் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, அதற்கு மேல் வேண்டாம். பிரஷர் இருப்பதால் உப்பும் மட்டு, மிளகு தாராளமாகத் தூவுங்கள். முட்டையை ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், அது இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது, கெடுதல் இல்லை.

இதை உங்கள் டாக்டரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் காட்டினேன், அவரும் சரி என்றார். முட்டையைக் குறைக்கச் சொன்னது முட்டை பரோட்டாவையும் எண்ணெயில் பொரித்ததையும் மனதில் வைத்துத்தானாம். அம்மாவிடம் ரஸ்க்கை நிறுத்தச் சொல்வதுதான் முட்டையைத் திரும்பக் கொடுப்பதைவிடப் பெரும் பாடாக இருக்கிறது.

வைகைக்கரை

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். அம்மாவின் எல்டிஎல் 96. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை சாப்பிட்டார், பெரும்பாலான நாள் சுண்டலும் உண்டு. ரஸ்க் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது எண் இறங்கிவிட்டதால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார். சாப்பாட்டிலேயே சமாளித்துவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

இரவுப்பணி

ரொம்ப சந்தோஷம். ஆனால் 148 இப்படி 96க்கு இறங்கியதில் பெரும்பங்கு மாத்திரையுடையது. முட்டை இருந்தும் இறங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் இதிலிருந்து நமக்குத் தெரிவது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் எண் பழைய இடத்துக்கே போகும். உங்கள் டாக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முட்டை அப்படியே தொடரட்டும்.